லைன் இனி எங்கேஜ் ஆகாது

இன்ரநெற் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி மணி அடித்தது கனகசபாபதிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வீட்டில் புரோட்பாண்ட் இணைப்புப் பூட்டி நாலே நாள். பழைய டயல்-அப் என்றால் மோடம் கீச்சிட்டுக் கத்தி லைனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வீட்டுக்கு ஒருவரும் அழைக்க முடியாது. இனி லைன் எங்கேஜ் ஆகாது என்று பூட்ட வந்தவன் சொன்னபோது அவர் குளியலறைக்குள் போய் அழுதார்.

எட்டு மாதத்துக்கு முன், இதேபோல் மாலை நாலேகாலுக்கு, மனிதர் இன்ரநெற்றில் யாழ்ப்பாணச் செய்தியில் மூழ்கிக் கிடந்தார். மகன் நிமலன் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஹாஷிமின் கொம்யூனிகேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு மூன்று தரம் கோல் எடுத்திருக்கிறான். மூன்று தரமும் எங்கேஜ். கடையை விட்டு இறங்கியவனை வான் வண்டி ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

ரிசீவரை எடுத்தார். கொழும்புக் காலி வீதியின் பஸ் இரைச்சல், ஹோர்ன், அதற்கிடையில் மூச்சு வாங்கும் குரல்.

"அப்பா, நான்தான். இப்பதான் லைன் கிடைச்சது. ரெண்டு பேர் பின்னால வருகினம். கதவைத் திறந்து வையுங்கோ."

ஜன்னலுக்கு ஓடினார். ஹாஷிம் கடையை மூடி மூன்று மாதம். இரும்புக் கதவு இறங்கியபடியே கிடந்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தார். திறந்தால் பின்னால் வருபவர்களும் வருவார்கள். திறக்காவிட்டால் பிள்ளை இன்னொரு தரம் வெளியே நிற்பான். மூன்றாம் மாடி வீட்டுக்கு வேறு வாசலும் இல்லை. பெற்ற மனம், வேறு என்ன செய்யும். திறந்துவிட்டார்.

கீழே யாரோ கருவாடு பொரிக்கும் மணமும் கடற்காற்றின் உப்பும் படிக்கட்டில் ஏறி வந்தன. அவற்றோடு நனைந்த சாக்கின் புளித்த வாடை. முதலாம் மாடியில் ஒரு கதவு சாத்தப்பட்டது. இன்னொன்று. இரண்டாம் மாடியில் எல்லாக் கதவுகளும்.

செருப்புச் சத்தம். பின்னால் சப்பாத்துகள், இரண்டு சோடி. ஒருவரும் ஓடவில்லை. ஒரே சீராக ஏறினார்கள்.

நின்றது.

வாசலில் நிமலன். அதே நீலச் சேட்டு. அவர் வாங்கிக் கொடுத்த செருப்பு. கழுத்துக்கு மேலே சாக்கு, கண்களுக்கு இரண்டு ஓட்டை, சுற்றிவளைப்பில் ஆட்களைக் காட்டிக்கொடுக்க ஆமி கொண்டுவந்து நிறுத்தும் தலையாட்டிகளைப் போல.

"தம்பி," என்றார்.

அவனுக்குப் பின்னால் படிகள் வெறுமையாகக் கிடந்தன. அந்த வெறுமையிலிருந்து ஒரு குரல், இவர்தானா என்று சிங்களத்தில் கேட்டது.

ஓட்டைகள் இரண்டும் அவரை உற்றுப் பார்த்தன. பிறகு, சாக்கு மூடிய தலை ஓம், இவர்தான் என்று மெதுவாக ஆடியது.