அண்ணன் கேட்ட கஞ்சி

கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்குத் திண்டுக்கல் வந்த சகாயராஜ், அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போன வருசம் பெரிய வெள்ளிக்கிழமை பாசிப்பயறுக் கஞ்சி வச்சியே, அது வேணும்மா. ஹாஸ்டல்ல கண்ணை மூடினா அந்த வாசம்தான்!"

அம்மா செபாஸ்தியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கஞ்சி வேகும்வரை பிள்ளை சும்மா இருப்பானா என்று இட்லி வந்தது. பின்னாலேயே பணியாரம் வந்தது. முறுக்கு டப்பா அவன் மடியிலேயே குடியிருந்தது. தங்கை இளவேனிலும் தன் பங்குக்கு நொறுக்கினாள்.

மதியம் கஞ்சி வந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்தான்.

"நல்லாத்தான்மா இருக்கு. ஆனா அது மாதிரி இல்ல."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "உப்பு கம்மியோ? நாளைக்கு மறுபடி வைக்கிறேன் அப்பு."

நாளை சாயங்காலம் அவனுக்குப் பஸ். அந்தக் கஞ்சியும் சரியாக வராவிட்டால் அம்மா ரொம்ப வருத்தப்படுவாளே என்று இளவேனிலுக்குக் கவலையாக இருந்தது.

அதே அரிசி, அதே பயறு, அதே துவையல். பிறகென்ன குறை? அவள் அந்தப் பெரிய வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். அன்று மூன்று பேரும் ஒருசந்தி. நாள் முழுக்க விரதம், ஒரே வேளைச் சாப்பாடு. வெயிலில் சிலுவைப்பாதை முடித்துக் கோயிலிலிருந்து திரும்பியபோது வயிறு கபகபவென்றது. அண்ணன் கஞ்சியை ஊதி ஊதி அவளுக்குக் கொடுத்தான். எப்போதும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடும் அம்மாகூட, பசி தாங்காமல் அவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நல்ல நாள் அது! அண்ணன் காலேஜுக்குப் போனபிறகு அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

இளவேனிலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அம்மா இட்லிப் பானையைத் தூக்கினாள். இளவேனில் குறுக்கே நின்றாள்.

"அம்மா, இன்னைக்கு ஒருசந்தி இருப்போம்."

"ஞாயித்துக்கிழமை யாருடி ஒருசந்தி இருப்பா? சாமியார் கேட்டா சிரிப்பாரு!"

"சரி, ஒருசந்தின்னு சொல்லல. நல்லாப் பசிக்கிற வரைக்கும் சாப்பிட வேணாம். மூணு பேரும். நீயும்தான்."

"ஊருக்குப் போற பிள்ளையப் பட்டினி போடவா?"

"நான் இருக்கேன்மா," என்று அண்ணன் சிரித்தான். "கஞ்சிய மட்டும் வை."

அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பசிக்குதா அப்பு? ஒரே ஒரு முறுக்கு?" என்று வந்து வந்து கேட்டாள். இளவேனில் டப்பாவைப் பறித்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பசி மெல்ல வந்தது. துவையல் வாசத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"எனக்கே பசிக்குதுடி," என்று முதலில் ஒத்துக்கொண்டது அம்மாதான்.

மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கஞ்சியை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"இதுதான்மா!" என்றான் அண்ணன். "உப்பு கூடப் போட்டியா?"

"நேத்துப் போட்ட அதே உப்புதான்."

அவன் மறுபடியும் கிண்ணத்தை நீட்டினான். அம்மா பானைக்குள் கரண்டியை விட்டாள். டங்கென்று சத்தம் கேட்டது. பானை காலி.

"ஐயய்யோ! நானே எடுத்து எடுத்து ஊத்திக்கிட்டேன் போலிருக்கே!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அம்மா இப்படி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டதில் இளவேனிலுக்கு அவ்வளவு சந்தோசம். தன் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அண்ணனுக்கு ஊற்றிவிட்டு, அவன் அதைச் சொட்டு விடாமல் வழித்துக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.