மாடி வீட்டுப் பூட்டு

அழைப்பு மணி மறுபடியும் அடித்தது.

"மேல் வீட்டுப் பார்சல்மா. அங்க பூட்டியிருக்கு. நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க?"

சும்மா... அந்தச் சொல் அவளுக்கு உச்சி வரை சுட்டது. காதில் ஹெட்போன். மறுமுனையில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

அதற்குள் மழை வேறு. துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கே நின்றிருந்தான், பூட்டிய வீட்டுக்காரன். அவன் காதிலும் ஹெட்போன். நனைந்த இமைகளுக்குள் அகப்பட்டுக்கொண்ட விழிகள்...

"நீங்க ஆபீஸ் போகலையா?"

"வீடுதாங்க ஆபீஸ்."

"அப்ப வாசல்ல பூட்டு?"

"வெளியே பூட்டிட்டுப் பின்படி வழியா உள்ள வந்துருவேன். இருக்கேன்னு தெரிஞ்சா நிம்மதியா வேலை செய்ய விடமாட்டாங்க."

"ஓஹோ... உங்க நிம்மதிக்கு நான் வாட்ச்மேனா? உங்க பார்சலுக்கு எந்திரிச்சு எந்திரிச்சே மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இன்னொரு புகார் வந்தா வேலையே போயிடும். மேல நாற்காலி உருளுற சத்தம் கேட்டு, பேய்னு வேற பயந்தேன்."

"பேய்தாங்க... யார் கண்ணுலயும் படாத பேய்."

சிரிப்பு வந்தது. ரோஷம் அதை முந்திக்கொண்டது. ஈரத்துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். அதன்பின் படியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால், வாடிக்கையாளர் திட்டும் நேரத்தில் அந்த நனைந்த கண்கள் ஏன் நினைவுக்கு வரவேண்டும்?

ஒருநாள் காலை, அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது வழக்கமான பாட்டைப் பாடினாள். "கேஸ்காரர் வருவார், துணி காயுது, பார்த்துக்க. நீ வீட்லதானே இருக்க."

"அக்கா, கேஸ்காரரை என் வீட்டு மணியை அடிக்கச் சொல்லுங்க." படியில் அவன் குரல். கையில் வாசலிலிருந்து கழற்றிய பூட்டு. "நானும் வீட்லதான் இருக்கேன்."

"சும்மாவா தம்பி இருக்கீங்க?"

"வேலை செய்யறேன்கா. உங்க நாத்தனார் செய்யறாங்களே, அந்த மாதிரி."

அண்ணி படியிறங்கினாள்.

"போச்சு... இனி ஊரே உங்க வீட்டு மணியடிக்கும்" என்றாள் இவள். குரலில் இன்னும் சூடு இருந்தது.

"அடிக்கட்டும். தினமும் கீழேருந்து உங்க பொறுமைக் குரல்தான் கேட்கும். அன்னிக்கு மாடியில திட்டினீங்களே... அதுதான் நிஜக் குரல். அதுலேருந்து எனக்கு வேலை ஓடல. உங்களைப் பிடிச்சுப் போச்சு."

அவள் அந்தப் பூட்டை வாங்கித் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"நேரமே கிடைக்காது."

"எனக்கும்தான். இன்னிக்கு எடுத்துக்கலாம்... மதியம் வந்து மணியடிங்க. அந்த ஒரு மணிக்கு மட்டும் நானே ஓடிவந்து திறக்கறேன்."