ஏழாம் துளைக்குப் பக்கத்தில்

பம்பு நின்றிருந்தது. ஆனாலும் அழுத்தம் காட்டும் கேஜின் முள் துடித்தது. மூன்று துடிப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

கிருஷ்ணராஜ் நகத்தால் கண்ணாடியைச் சுண்டினார். முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

"காத்து, அண்ணாச்சி," என்றான் பம்பு ஓட்டும் சுடலைராஜ். தார்ப்பாயின் நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தான். "குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டா இப்படித்தான் குதிக்கும். எங்க மாமனாருக்கும் வாயு வந்தா இதே ஆட்டந்தான்."

கிருஷ்ணராஜ் சிரிக்கவில்லை.

மே மாதத்து மத்தியானம். பசுவந்தனைக்கு மேற்கே, ஓடையின் குறுக்கே கிடந்த தடுப்பணையைத் தவிர கண்ணுக்கு எட்டியவரை உயரமாக எதுவும் இல்லை. கரிசல் தரை காய்ந்து பாளம் பாளமாய் வெடித்து, கையை விட்டால் தோள்வரை இறங்கும் பிளவுகளிலிருந்து சூடான மண்வாடையை விட்டுக்கொண்டிருந்தது. வேலிக்கருவைக்குள் ஏதோ ஒரு பறவை ஒரே குரலை விட்டுவிட்டுக் கத்தியது. தார்ப்பாயின் ஓரம் காற்றில்லாமலே ஒருதரம் எழுந்து விழுந்தது. டீசல் வாடை. அதற்கு அடியில், இந்த வறட்சியில் இருக்கக்கூடாத இன்னொரு வாடை. ஈரச் சிமெண்ட். காலையிலிருந்து அவர்கள் ஒரு மூட்டைகூடக் கலக்கியிருக்கவில்லை.

வேலை எளிது. அணைக்கு அடியில் பாறை விரிசல் விட்டிருந்தது. ஐப்பசி மழைக்குத் தேங்கும் தண்ணீர் தை பிறக்குமுன் அடிவழியாகப் போய்விடுகிறது. பாறையில் துளை போட்டுச் சிமெண்ட் பாலை அழுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். விரிசல் நிறைந்து, துளை இனி வாங்காது என்று ஆகும்போது முள் ஏறும். அதுதான் முடிவு. 1994-இல் இதே அணையில் இதே வேலையைச் செய்தவர் கிருஷ்ணராஜ்தான். ஒன்பது வருடத்தில் மறுபடி ஒழுகுகிறது. பழைய துளைகள் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று முதலாளி அனுப்பிவிட்டார். உடம்பு சரியில்லை என்று இவர் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

பழைய துளைகளுக்கு நடுவே புதுத் துளைகள். இன்றைக்கு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே.

ஒரு விதி உண்டு. சிமெண்ட் பால் எந்த வழியில் போகும் என்பது பாறைக்குத்தான் தெரியும். அதனால் பம்பு ஓடும்போது பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆள் துண்டோடு நிற்க வேண்டும். உள்ளே சாம்பல் நிறமாய்க் கசிந்தால் துண்டை வீச வேண்டும். வீசியதும் பம்பை நிறுத்த வேண்டும்.

இங்கே கிணறு ஒன்றுதான். இருநூறு அடி தள்ளி. துண்டு பிடிக்க ஊரிலிருந்து வந்த ஆள் வெயிலுகந்தம்மாள். காலையில் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்தது. தலை நரைத்திருந்தது. நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. கழுத்தில் தாலியும்.

அவள் இப்போது பிளவுகளைத் தாண்டித் தாண்டி அவரை நோக்கி வந்தாள். தோளில் சிவப்புத் துண்டு.

"சார், ஒரு உதவி."

"சொல்லும்மா."

"எம் மவ தங்கமாரிக்கு மாப்பிள்ளை பேசியிருக்கு. புதியம்புத்தூர்ல தையல் வேலை. தீப்பெட்டி ஆபீஸ்ல இவ கை வேகத்தைப் பாத்துட்டு மாப்பிள்ளையோட அத்தைக்காரிதான் கேட்டா. நாளைக்கு வருதாவ."

"நல்லது."

"அப்பன் எங்கன்னு கேக்காவ. ஓடிப்போனவன் மவளுன்னு ஒரு சொல்லு வந்துரக்கூடாதுல்லா. நீங்கதான் அவிய கோவில்பட்டி பஸ் ஏறுனதைப் பாத்தவிய. வந்து உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. பொழைக்கத்தான் போனாவன்னு."

"வேற யாரும் பாக்கலியா?"

"உங்களை விட்டா யாரு, சார்? துண்டு பிடிச்ச கொம்பையா மாமாவும் செத்துப் போச்சு." அவள் துண்டின் நுனியைத் திருகினாள். "அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தாவன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நீலக் கட்டம்," என்றார். யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. "பையில பீடிக்கட்டு."

"பஸ் ஏறுன ஆளு பையில பீடி இருந்தது வரைக்கும் தெரிஞ்சுதா?" அவள் முகம் மலர்ந்தது. "உங்க கண்ணு கண்ணுதான், சார். நாளைக்கு இதை அப்படியே சொல்லுங்க."

இப்போது சொல்லிவிடலாம். நான்கு வார்த்தை போதும்.

"துண்டை மறந்துராதம்மா," என்றார். "உள்ள இறங்கவும் கூடாது."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவர் அவளுடைய முதுகைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன், அன்றைக்கும் மே மாதம். சாயங்காலம் அதிகாரி வருவதாக இருந்தது. பெரிய அதிகாரி, தொலைவிலிருந்து வருகிறவர், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்றால் உயிர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கிணற்று மேல் துண்டோடு நின்ற கொம்பையாவைக் கூப்பிட்டு, சைக்கிளில் போய் இரண்டு கிலோ வாங்கி வரச் சொன்னார்.

கொம்பையா தயங்கினான். கிணற்றின் அடியில் ஊற்றைத் தேடி வடக்கே அணைப்பக்கமாக ஒரு குடைவு வெட்டியிருந்தார்கள். ஆள் குப்புறப் படுத்துத்தான் போக முடியும். வெயிலுகந்தம்மாளின் புருஷன் தவசி அதற்குள் தூர் வாரிக்கொண்டிருந்தான்.

"மத்தியானம் ஏறிருவான், சார். ஏதாச்சும்னா மூணு தட்டு தட்டுவான். கிணறு வெட்டுதவங்க கணக்கு அது. மேல உள்ளவன் பதிலுக்கு மூணு தட்டுனா, கேட்டாச்சு, நிறுத்தியாச்சு, அசையாம இருன்னு அர்த்தம்."

சரி சரி, போ, என்றார்.

ஏழாம் துளை முப்பதாவது மூட்டையில் சட்டென்று முள்ளைக் கீழே போட்டது. பால் வேறு எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது. நிறுத்த வேண்டும். நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய், கிணற்றைப் பார்த்த ஆள் எங்கே என்ற கேள்வி வரும். கடலைமிட்டாய் வாங்கப் போயிருக்கிறான் என்று சொல்ல வேண்டும்.

அப்போது பாறைவழியாகக் குழாயில் தட்டு கேட்டது. டக், டக், டக்.

கலவைத் தொட்டியில் ஆறு மூட்டைப் பால் மீதி இருந்தது. இது ஓடி முடியட்டும், உடனே நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். கையில் ஸ்பேனர் இருந்தது. குழாயில் மூன்று தட்டினார்.

அந்தப் பக்கம் தட்டு நின்றது. நம்பியிருந்தான்.

வெகுநேரம் கழித்து மறுபடி தட்டினான். மூன்று இல்லை. எண்ண முடியாத அளவு. பிறகு முள் ஏறியது. துளை இனி வாங்காது.

கிணற்றின் அடியில் குடைவின் வாய் சாம்பல் நிறத்தில் வழவழவென்று மூடியிருந்தது. மேலே வேலிக்கருவைக் கிளையில் நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்கியது. அதைச் சுருட்டி அணையில் புதிதாய்க் கொட்டிய ஈரக் கான்கிரீட்டுக்குள் போட்டார். நாலு மணிக்குக் கொம்பையா வந்தபோது, தவசி ஏறிப் போன பிறகுதான் பால் கசிந்தது, அவன் பஸ் ஏறுவதைப் பார்த்தேன் என்றார். அதிகாரி கடைசிவரை வரவில்லை. மிட்டாயை வேலையாட்கள் தின்றார்கள். அவரும் ஒரு துண்டு தின்றார்.

அந்தச் சப்தம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. பல்லுக்கிடையில் கடலை நொறுங்கிய சப்தம்.

"ஆரம்பிக்கட்டுமா, அண்ணாச்சி?"

பம்பு ஓடியது. தரை அதிர்ந்தது. சுடலைராஜ் மூட்டைகளை வாய் திறந்து கொட்டினான், தண்ணீர் விட்டான், சாம்பல் நிறப் பால் சுழன்று சுழன்று குழாய்க்குள் இறங்கியது, குழாய் ஈரமும் குளிர்ச்சியுமாய் அவர் கால்மாட்டில் நெளிந்தது. பத்து மூட்டை. முள் எழவில்லை. இருபது. முள் எழவில்லை.

"என்ன அண்ணாச்சி இது, இந்தக் குடி குடிக்குது? கல்யாண வீட்டுப் பந்திகூட இவ்வளவு வாங்காது."

முப்பது.

முள் துடித்தது. மூன்று.

பம்பின் ஆட்டம் இல்லை அது. அவர் குழாயில் உள்ளங்கையை வைத்தார். உலோகத்துக்குள்ளிருந்து கைக்குள் வந்தது. டக். டக். டக்.

கிணற்றைப் பார்த்தார். வெயிலுகந்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். துண்டு வீசவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்தாள். கிணற்றுக்குள் ஏதோ சொன்னாள். துண்டைக் கல்லின் மேல் மடித்து வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். படியில் காலை வைத்தாள்.

அவளுடைய இடுப்பு மறைந்தது. தோள் மறைந்தது. தலை மறைந்தது.

"நிறுத்து!"

"என்ன அண்ணாச்சி?"

"நிறுத்துலே!"

பம்பு நின்றது. பறவையும் நின்றது. இந்தத் தடவை நிறுத்திவிட்டேன் என்று நினைத்தார். அந்த நினைப்புக்கே கூசினார்.

வால்வை மூடினார். முள்ளைப் பார்த்தார்.

மூன்று. இடைவெளி. மூன்று.

ஓடினார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. தரையின் பிளவுகள் காலைப் பிடித்தன. ஒரு பிளவில் முழங்கால்வரை இறங்கினார். இழுத்து எடுத்தபோது செருப்பு இல்லை. பாதம் சாம்பல் நிறமாக இருந்தது. ஈரமாக இருந்தது. பக்கத்துப் பிளவின் அடியிலும் அது மினுங்கியது. அதற்கடுத்ததிலும். மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

பம்பு நின்றுதான் இருந்தது.

கிணற்றின் கல்லில் சிவப்புத் துண்டு. நாலாக மடித்தது. எட்டிப் பார்த்தார்.

நாற்பது அடி. காய்ந்த அடிமண். அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். குடைவின் வாயை அடைத்திருந்த சிமெண்டில் காதை வைத்திருந்தாள். ஒன்பது வருடத்துச் சிமெண்ட். இரும்புபோல இறுகியது. அவளிடம் ஒரு கூழாங்கல் இருந்தது. தட்டினாள். மூன்று.

உள்ளேயிருந்து மூன்று.

"மவளுக்கு நாளைக்குப் பேசி முடிக்கப் போவுது," என்றாள் அவள், சிமெண்டிடம். மெதுவான குரல். வீட்டில் பேசுகிற குரல். "நல்ல பயதான். தையலு."

"வெயிலுகந்தம்மா," என்றார். "ஏறி வா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"சார், அவிய சொல்லுதாவ. அன்னைக்கு மூணு தட்டுனாவளாம்."

அவர் கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பதிலுக்கு மூணு தட்டுனீங்களாமே."

ஸ்பேனர் கையில் கனத்தது.

"அதான் அசையாம இருக்காவளாம். இன்னும்."

அவள் சிமெண்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். இப்போது எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு கை இருந்தது. பெரிய கை. சாம்பல் நிறம். உள்ளேயிருந்து அழுத்தியதுபோல் ஐந்து விரலும் புடைத்து, ஈரம் சொட்டியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. முஷ்டியானது. தட்டியது.

டக். டக். டக்.

நின்றது. காத்திருந்தது.

வெயிலுகந்தம்மாள் மேலே பார்த்தபடியே நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.