வேனுக்கு அடியில் ஆரத்தி

2007, ஆடி மாதம், திங்கட்கிழமை காலை. ஆமத்தூர் வளைவில் பட்டாசுக் கம்பெனி வேன் ஓடைக்குள் மூக்கைக் குத்தி நின்றது. உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சின்னத்தாய்க்கு மட்டும் வலது கை ஒடிந்தது. மத்தியானத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது: டிரைவர் முத்துப்பாண்டி குடித்திருந்தான்.

குடிக்கவில்லை என்று டாக்டர் சொன்னதை எஸ்.ஐ. ஞானசுந்தரி மட்டும்தான் காதில் வாங்கினார்.

"என்னதான் நடந்துச்சு?" என்று முத்துப்பாண்டியிடம் கேட்டார்.

"ஸ்டியரிங் கல்லா இறுகிருச்சும்மா. பவர் ஸ்டியரிங் ஆயில் சொட்டுகூட இல்ல. சனிக்கிழமை நான் பாக்கும்போது டப்பா நெறைய இருந்துச்சு."

"ஒழுகியிருந்தா தரையில தெரியுமே?"

"நெதம் அடியில குனிஞ்சு பாத்துட்டுத்தான் எடுப்பேன். இன்னைக்கு அங்கன ஆரத்தி ஊத்திக் கெடந்துச்சு. மிதிக்கக் கூடாதுல்ல. சுத்திப் போயி ஏறிட்டேன்."

ஞானசுந்தரி, வேன் ராத்திரி நிற்கும் கம்பெனி முதலாளி சண்முகவேலின் வீட்டு ஷெட்டுக்குப் போனார். தரை சிவப்பாக இருந்தது, ஓரத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது. முதலாளியின் மருமகனும் கம்பெனி மேனேஜருமான ராஜபாண்டியன் கூடவே வந்தார்.

"நேத்து குடும்பத்தோட இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்தோம் மேடம். மாமா ஊர்ல இல்ல. அதுக்கு எடுத்த ஆரத்தி."

"எதுல போனீக?"

"கார்லதான்."

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த குருவம்மாள் நிமிர்ந்தாள். "ஆரத்தி எடுத்தது நானு. தெரு முக்குல கொண்டு போயி ஊத்துனேன். மிச்சத்த எந்தக் கூறுகெட்டவ இங்கன ஊத்துனாளோ, கால் படுற எடத்துல."

ராஜபாண்டியன் செல்போனைப் பார்த்தார்.

ஞானசுந்தரி ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். மஞ்சள் ஓடிப்போனது. அடியில் சிவப்பு அப்படியே மினுங்கியது. விரலால் தொட்டார். எண்ணெயாக வழுக்கியது. பவர் ஸ்டியரிங் ஆயிலுக்கும் அதே சிவப்பு.

அங்கிருந்து ஸ்டேஷனுக்கு இழுத்து வந்திருந்த வேன் பக்கம் போனார். ஸ்டியரிங் ஆயில் ஓடும் ஹோஸ் குழாய் இணைப்புப் பக்கம் விரிந்திருந்தது. மட்கார்டுக்குள் ஆற்று மணல். கரிசல் காட்டு ரோட்டில் கம்பெனிக்கும் ஊருக்கும் மட்டும் ஓடுகிற வண்டி அது.

சாயந்தரம் சண்முகவேலின் ஆபீசில் எல்லோரும் கூடினார்கள்.

"ராஜபாண்டியன், நேத்து வேன எடுத்தது நீங்க. இருக்கன்குடியில வைப்பாத்து மணல்ல புதைஞ்சிருச்சு. ஸ்டியரிங்க ஒரு பக்கமா முட்ட ஒடிச்சுப் பிடிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர மிதிச்சீக. பிரஷர் தாங்காம ஹோஸ் விட்டுருச்சு. ஷெட்டுல வந்து நிறுத்துனதும் செவப்பா ஒழுகுச்சு. மாமனார் கண்ணுல படக் கூடாதுன்னு அதுமேல ஆரத்திய ஊத்திட்டீக."

"யார் வேணும்னாலும் ஊத்தியிருக்கலாம்ல மேடம்?"

"பொம்பளைக ஊத்த மாட்டாக. எடுக்குறவளுக்கு அத எங்க ஊத்தணும்னு தெரியும். நின்னு நெத்தியில பொட்டு வாங்கிட்டு வீட்டுக்குள்ள போறவருக்குத்தான் தெரியாது. இந்த வீட்டுல நேத்து பொட்டு வாங்குன ஆம்பள நீங்க ஒருத்தர்தான்."



"கேக்காம வேன எடுத்ததுக்கு மாமா ஏசுவாகன்னு பயந்துட்டேன்," என்றார் ராஜபாண்டியன். "காலையில மெக்கானிக்க வரச் சொல்லியிருந்தேன். நான் எந்திரிக்கிறதுக்குள்ள வண்டி போயிருச்சு."

"நேத்தே சொல்லியிருந்தா ஹோஸோட போயிருக்கும்," என்றார் ஞானசுந்தரி. "இப்ப கேஸ் உங்க பேர்ல."

சண்முகவேல் கம்பெனியின் இன்னொரு வேன் சாவியை எடுத்து முத்துப்பாண்டியிடம் நீட்டினார். அவன் கை நீட்டவில்லை.

"சாவி இருக்கட்டும்யா. நான் குடிச்சிருந்தேன்னு சின்னத்தாயக்கா மககிட்ட மொதல்ல சொன்னது மாப்பிள்ளதான். அந்தப் பிள்ள என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்குது. அவுகளே போயி மாத்திச் சொல்லட்டும்."

ராஜபாண்டியன் எழுந்து கார் சாவியைத் தேடினார்.

"பஸ்ஸுல போங்க மாப்ள," என்றார் சண்முகவேல். "வேல விடுற நேரம். நம்ம ஆளுகதான் இருப்பாக. அவுககிட்டயும் சொல்லிக்கிட்டே போங்க."