பத்துக் குளிர்காலம் நோயறியாத வீடு

மார்கழி பதினான்காம் நாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, உடுமலை நெசவாலை நகர் நான்காம் வீதியில், திருமூர்த்தியின் வீட்டு வாசலில் இருந்த இரண்டு தாமரைகளும் ஒரே நொடியில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறின.

அவை ஒளித் தாமரைகள். ஊரில் எல்லா வீட்டு வாசற்கம்பத்திலும் ஒரு நலவிளக்கு உண்டு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தாமரைகளை அது தரையில் வரையும். மணிக்கட்டில் அணியும் நலக்காப்பு வியர்வையையும் நாடியையும் படித்து, வரப்போகும் நோயை முன்கூட்டியே சொல்லிவிடும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் நோய் வந்துகொண்டிருக்கிறது. சிவப்பு என்றால் காப்புக்குள் இருப்பது யார் என்றே தெரியவில்லை.

மஞ்சளில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மஞ்சள் விழுந்தால் வட்டச் சமையற்கூடத்திலிருந்து தூதுவளைச் சாறும், மூக்குத் தெளிப்பானும், கம்பளிக் காலுறையும் வந்துவிடும். இரண்டு நாள் வீட்டோடு இருந்தால் சளி வாசலோடு திரும்பிப் போகும். வந்தே தீர்ந்த நோய்தான் பதிவாகும். தொடர்ந்து பத்துக் குளிர்காலம் ஒரு நோயும் பதிவாகாத வீட்டுக்கு ஜனவரிப் புத்தாண்டன்று நகராட்சி மேடையில் மரியாதை. ஊரிலேயே இந்த ஆண்டு அந்தத் தகுதி பெற்றது திருமூர்த்தியின் வீடு ஒன்றுதான். நீரேற்று நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து, ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காத ரங்கசாமியின் மகன் அவர். அந்த வீட்டுக்கு அது கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அடுப்படியில் கோகிலவாணி இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். இடது மணிக்கட்டில் அவளுடைய காப்பு. வலது மணிக்கட்டில் அவருடையது. இரண்டும் மஞ்சள்.

"சளி வருதுங்க. உங்களுக்கும்தான்."

"எனக்கென்ன? கல்லாட்டம் இருக்கறேன்."

"உங்க காப்பு அப்படிச் சொல்லலியே."

திருமூர்த்தி செய்தித்திரையைப் பார்த்தார். பத்தாண்டுகளுக்கு முன் காப்புகள் வந்த அன்றே, "என் உடம்புக்கு இன்னொருத்தன் சாட்சி சொல்லோணுமா?" என்று அவர் தம்முடையதை மாட்டாமலே அஞ்சறைப்பெட்டிக்குள் போட்டுவிட்டார். வாசலில் உடனே சிவப்பு எரிந்தது. வீதியே எட்டிப் பார்த்தது. கோகிலவாணி அதை எடுத்துத் தன் இன்னொரு கையில் மாட்டிக்கொண்டாள். ஒரு காப்பு முதல் ஏழு நாளில் எந்த உடம்பைப் படிக்கிறதோ அதுவே அதற்கு உரிய உடம்பு. எட்டாம் நாள் இரண்டு தாமரைகளும் பச்சையாயின. அன்றிலிருந்து, காப்பு இரண்டு பேருக்கும் சொல்லும் நடையும் கஞ்சியும் தூக்கமும் உண்மையில் ஒரே உடம்புக்கு உரியவை. தம் பெயரில் வந்த உத்தரவு என்பதற்காக அவரும் எல்லாவற்றையும் தவறாமல் கடைப்பிடித்தார். அவளுக்கு வந்த இரும்புச்சத்து மாத்திரைகளை அவரும் விழுங்கினார். மூன்று முறை உண்மையிலேயே அவருக்குத் தடுமன் பிடித்தபோது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தும்மினார்.

"இந்த மாசம் நாலு வாட்டி மாடிப்படில பாதில நின்னுட்டீங்க," என்றாள் கோகிலவாணி.

"துணி காஞ்சிருச்சான்னு பாத்தேன்."

"படில நின்னா துணி தெரியுதாக்கும்? நெஞ்சத் தடவிக்கிட்டுத்தான் பாப்பீங்களா?"

அவள் வலது கைக் காப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஏழு நாள் போட்டுக்குங்க. உங்க உடம்ப ஒரு தடவை அது படிச்சுட்டுப் போகட்டும்."

"ஏழு நாளும் வாசல்ல செவப்பு எரியும். மேடையில எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது?"

"மூஞ்சி கெடக்கட்டுங்க. நெஞ்சு?"

"புத்தாண்டு முடியட்டும், பாக்கலாம். காப்ப எடுத்து மாட்டு புள்ள, வெளக்கு மாறிரப் போவுது."

அவள் மாட்டிக்கொண்டாள். ஆனால் அன்று அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்த சத்தம் அடுத்த வீடு வரை கேட்டிருக்கும்.

பத்து மணிக்கு வட்ட நலக்காவலர் ரிஹானா கூடையோடு வந்தாள். கோகிலவாணி வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு இடது கையால் வாங்கினாள். ரிஹானாவின் கண் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. முகமெல்லாம் மகிழ்ச்சி.

"ஐயா, உங்க ரெண்டு பேரையும் வச்சு நலத்துறையோட பெரிய கணிப்பொறி ஒரு விஷயம் கண்டுபிடிச்சிருக்குங்க. பத்து வருஷத்துல ஒரு நாள்கூட உங்க நாடி தனித்தனியா அடிக்கலை. போன கோடையில அம்மாவுக்கு முழங்கால் வீங்கின அன்னிக்கு உங்களுக்கும் வீங்கியிருக்கு."

"அப்படியா," என்றார் திருமூர்த்தி, முழங்காலை மெல்ல மடக்கிக்கொண்டு.

"இந்த வட்டத்துல இப்படி அறுபத்திரண்டு ஜோடி இருக்காங்க. மத்தவங்க எப்பவாவது ஒரு நாள் மாறுவாங்க. நீங்க மாறினதே இல்லை. சேர்ந்து வாழ்ந்தா ரெண்டு உடம்பும் ஒண்ணாயிடும்னு துறை முடிவுக்கு வந்திருச்சுங்க. புத்தாண்டுல இருந்து தம்பதிக்கு ஒரே காப்பு போதும். ஆண்களோட காப்பைத் திரும்ப வாங்கிக்கறோம். மேடையில முதல் காப்பு உங்களோடதுதான்."

கோகிலவாணி கணவரைப் பார்த்தாள். அவர் கூடைக்குள் இருந்த காலுறையைப் பார்த்தார்.

ரிஹானா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். நாங்களும் ஒரே காப்புதான்னு பேசி வச்சிருக்கோம். அவருக்குக் குளிர் வந்தா இழுப்பு வரும். இப்ப ஒரு கவலையும் இல்லை. எனக்குத் தெரிஞ்சிடும்ல, அம்மா?"

"வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ கண்ணு," என்றாள் கோகிலவாணி.

ரிஹானா போன பிறகு திருமூர்த்தி அந்தக் காலுறையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். சாறு ஆறிப்போயிற்று. கோகிலவாணியே சூடு பண்ணிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பையனுக்கு இழுப்பாமா," என்றார்.

"கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

"மீதி அறுபத்தோரு வீட்டுலயும் நெசமாவே ஒரே உடம்பா இருக்கலாம். அவங்க கொடுத்து வெச்சவங்க. நம்மளப் பாத்து ஊரெல்லாம் கழட்டிக் கொடுத்தா என்னாகறது?"

"அதுக்குத்தான் சொன்னேன்."

"எங்கப்பா விடுப்பு எடுத்ததில்ல. ஆனா வராத நாள்ல வந்ததாக் கையெழுத்துப் போட்டதுமில்ல." சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். "சட்டைய நல்லாத் தேச்சு வெய்யி."

புத்தாண்டுக் காலையில் நகராட்சித் திடலில் பனி முழுக்கக் கலையவில்லை. தலைவர் பொன்னாடையோடு காத்திருக்க, திருமூர்த்தி ஒலிவாங்கிக்கு முன் நிமிர்ந்து நின்றார்.

"இந்த மரியாதை எனக்கு உரியதில்லைங்க. நான் ஒரு நாளும் காப்புப் போட்டதில்ல. எனக்கும் சேத்து என் சம்சாரந்தான் போட்டா. பத்து வருசமா என் உடம்புன்னு நீங்க பாத்ததெல்லாம் அவ உடம்பு."

கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. "எப்பேர்ப்பட்ட அன்பு! எவ்வளவு அடக்கம்!" என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த வயதான ஆண்கள் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள்.

திருமூர்த்தி மனைவியின் பக்கம் திரும்பினார். "கையக் காட்டு, கோகிலா."

அத்தனை பேர் பார்க்க, அவள் தலைப்பை விலக்கி வலது கையை நீட்டினாள். அவர் காப்பைக் கழற்றித் தம் மணிக்கட்டில் மாட்டி, ஒலிவாங்கியின் அருகே கொண்டுபோனார். காப்பு சற்று நேரம் தடுமாறியது. பிறகு திடல் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "இது நான் அறியாத உடம்பு. முதல் நாள்."

இப்போது யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் பலர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ரிஹானா மேடைக்குக் கீழே நின்று அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து யாரையோ அழைத்து, "உங்க காப்பைக் கழட்டாதீங்க. கழட்டவே கூடாது," என்றாள்.

பொன்னாடை இல்லாமல் இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் ஒரு தாமரை பச்சை, ஒன்று சிவப்பு. திருமூர்த்தி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அந்தச் சிவப்புத் தாமரைக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார். தவறு செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. கோகிலவாணி அவர் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டு, இன்னொரு நாற்காலியைப் போட்டாள்.

"ஊரே பாக்குது, உள்ள போ."

"பாத்தாப் பாக்கட்டும். பத்து வருசமா நான் மறைச்ச கையி, கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

மறுநாள் காலை எதிர்வீட்டில் ஒரு தாமரை சிவந்தது. மதியத்துக்குள் வீதியில் ஏழு. கணவர்கள் மணிக்கட்டில் காப்போடு, பழக்கமில்லாத கையைத் தொங்கவிட்டபடி நடந்தார்கள். நான்காம் நாள் ரிஹானா எண்ணிப் பார்த்தாள். வட்டத்தில் அறுபத்திரண்டு சிவப்பு. ஒரே காப்புத் திட்டத்தை அன்று மாலையே நிறுத்தி வைத்தார்கள்.

எட்டாம் நாள் திருமூர்த்தியின் தாமரை மஞ்சளாயிற்று. இதயத்து ரத்தக்குழாய் ஒன்று சுருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது நாள் அவகாசம் இருக்கிறது, ஒரு சிறு சிகிச்சை போதும் என்றது காப்பு. ரிஹானாவே வண்டியோடு வந்தாள். அவர் யார் தோளையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை எடுத்துவிடவில்லை.

வண்டி கிளம்பியதும் ரிஹானா கைத்திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பெரிய கணிப்பொறிகிட்ட இருந்து அவசரக் கேள்வி," என்று உரக்கப் படித்தாள். "'இதுவரை பதிவில் இல்லாத அறுபத்திரண்டு ஆண்கள் ஒரே வாரத்தில் தங்கள் வட்டத்தில் தோன்றியுள்ளனர். அனைவரும் முதியவர்கள். எங்கிருந்து குடியேறினர்?' பதில் அனுப்பியே ஆகணும். என்னன்னு எழுதட்டும், அம்மா?"

கோகிலவாணி கணவரின் கையை விடாமலே சொன்னாள்.

"எங்க கையில இருந்துன்னு எழுது கண்ணு."