ஒரு மணி நேரம் பிந்திய டிவி

குல்சாத் கதவைத் திறந்தபோது டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். மாமனார் மெதெர்பெக் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு, போர்வையை எடுத்துப் போர்த்தப் போனாள். அவர் கை சில்லிட்டிருந்தது.

அப்போது இரவு மணி ஒன்பது. பக்கத்து வீட்டுத் தொட்டில் விருந்திலிருந்து மாமனாருக்கென்று பொட்டலம் கட்டி வாங்கிவந்த இறைச்சி வாசலிலேயே விழுந்துவிட்டது.

பனிக்காலத்தில் ஏரிக்காற்று கிளம்பினால் எங்கள் பாலிக்சி ஊரில் நாய்கூடத் தெருவில் நிற்காது. அந்தக் காற்றிலும் தெருவே கூடிவிட்டது. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டிய மனிதர், ஓடிவருகிறவனைப் பார்த்துவிட்டால் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார், அப்புறம் கூடாமல் என்ன செய்யும்? டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்றார். குல்சாத் போன் செய்ததும், அவர் மகள் சைகலும் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாள் மண்ணுக்குள் வைத்தார்கள்.

நாலாம் நாள் காலை சைகல் போலீஸுக்குப் போனாள். தன் அத்தாவை மருமகள்தான் கொன்றாள் என்று எழுதிக் கொடுத்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் கனிஷாய் அந்த வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே அடுப்போரம் போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் குளிர் ஆகாது, பொய்யும் ஆகாது.

"கொன்னான்னு எழுதியிருக்கீங்க. எப்படிக் கொன்னா?" என்று சைகலைக் கேட்டாள்.

"ஏழு மணிக்கே அத்தாவுக்கு நெஞ்சு வலி. அப்படியே போட்டுட்டு விருந்து சாப்பிடப் போயிட்டா. மாத்திரை அடுக்களையில இருக்கு, அவர் இங்க கிடக்கார்" என்றாள் சைகல்.

"ஏழு மணிக்கு வலின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"இதை வேற ஒருத்தர் சொல்லணுமா? அதான் செத்துக்கிடந்தாரே!"

குல்சாத் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "இல்லக்கா. நான் கிளம்பும்போது ஏழு மணிச் செய்தி ஆரம்பிச்சுது. நல்லாத்தான் இருந்தார். 'போயிட்டு வாம்மா, கொழுப்பாப் பாத்து ஒரு துண்டு கொண்டா'ன்னு சிரிச்சார்."

"சிரிச்சாராம்! இன்னிக்கே உங்கப்பன் வீட்டுக்கு நடையைக் கட்டு. குழந்தை எங்க ரத்தம். அது இங்கதான் இருக்கும்."

கனிஷாய் குல்சாத்திடம் கேட்டாள்: "உன் வீட்டுக்காரன் எங்கே?"

"எல்தியாரா? சைபீரியாவுல கட்டட வேலையில இருக்கார்க்கா. நாலு நாளா போனே எடுக்கல. சைகல் அக்காதான் அவருக்குச் சேதி சொன்னாங்க. டிக்கெட் கிடைக்கலையாம்."

கனிஷாய் சைகலைத் திரும்பிப் பார்த்தாள். "பெத்த தகப்பன் செத்த சேதியைத் தனியாளா, போன்லயா சொன்னீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. சாவுச் சேதி என்றால் பெரியவர்கள் நாலைந்து பேர் கூடிப் போவார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸும் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருக்கும். ஊர்ப்பேச்சு, உலகப்பேச்சு என்று சுற்றி வளைத்து, கேட்கிறவர் மனசைத் தாங்குகிற பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். கனிஷாய் மூலையைக் காட்டினாள்.

"அங்க என்ன சத்தம்?"

மூலையில் கறுப்புத் துணி போர்த்திய டிவி. சாவு வீட்டில் டிவி பார்ப்பதில்லை. துணிக்கு அடியில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர்க்கா. என் வீட்டுக்காரர் சைபீரியா போறதுக்கு முன்னாடி செஞ்சு வெச்சது. ஆன்டெனா வயர் அதுக்குள்ள போயி, அதுலேர்ந்து டிவிக்கு வரும். வெடுக்குனு அணைச்சா கெட்டுப்போயிடும்னு சொல்லியிருக்கார். அதான் அன்னிக்கு ராத்திரி டிவியை மட்டும் அணைச்சு மூடினேன்."

கனிஷாய் துணியை விலக்கி டிவியைப் போட்டாள். செய்தி வாசிக்கும் பெண் வணக்கம் சொன்னாள். "நேரம் இரண்டு மணி இருபது நிமிடம்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. கனிஷாயின் கைக்கடிகாரத்திலும் அதேதான்.

"என்னடா இது, நேரடி ஒளிபரப்பே ஒரு மணி நேரம் லேட்டா வருது!" என்றாள் கனிஷாய்.

"அது கெட்டுப்போன சனியன்" என்றாள் சைகல் வெடுக்கென்று. "அன்னிக்கும் இப்படித்தான். வானிலை சொல்றவன் தூக்கின கையோட அப்படியே நின்னுட்டிருந்தான். அதைத் தூக்கிப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

கனிஷாய் திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தாள். கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஆன்டெனா வயரை அசைத்துப் பார்த்தாள், படம் துளிகூட நடுங்கவில்லை. வேறு சேனலுக்கு மாற்றி, மறுபடி பழைய சேனலுக்கே வந்தாள். இப்போது திரையின் மூலையில் மணி மூன்று முப்பது. ஒரு மணி நேரத் தாமதம் காணாமல் போயிருந்தது.

"இதுக்கு ஒரு கோளாறும் இல்ல. யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க. குல்சாத், ரிமோட்ல இந்தச் சிவப்புப் பொட்டு என்ன?"

"நான் வெச்ச நகப்பூச்சுக்கா. மாமாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வீட்டுக்கு ஆள் வந்தா டிவி பேசக் கூடாது, அது வந்தவங்களுக்கு மரியாதை இல்லம்பார். இதை அழுத்துவார், படம் அப்படியே நிக்கும். ஆள் போனதும் மறுபடி அழுத்தினா விட்ட இடத்துலேர்ந்து ஓடும்."

"மறுபடி அழுத்தலைன்னா?"

"தெரியலையேக்கா. அவர் அழுத்தாம விட்டதே இல்ல."

கனிஷாய் சிவப்புப் பொட்டை அழுத்தினாள். படம் நின்றது. "டீ போடு தங்கச்சி" என்றாள்.

டீ ஆறியது, மறுபடி சூடானது. பேச்சுவாக்கில் கனிஷாய் ஒன்று கேட்டாள்: அன்று மேஜையில் என்ன வைத்துவிட்டுப் போனாய்? முழு ரொட்டி ஒன்று என்றாள் குல்சாத். வந்து பார்த்தபோது ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளியிருந்ததாம். மாமாவுக்குப் பல்லில்லை, டீயில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவார், அதனால் மனசில் நின்றதாம். சைகல் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

நாலரை மணிக்கு, யாரும் தொடாமலே, படம் தானாக ஓடத் தொடங்கியது. சரியாக ஒரு மணி நேரம் பிந்தி.

"அவ்வளவுதான். இது பிடிச்சு வெக்கிறது ஒரு மணி நேரத்துக்குத்தான். இடம் நிரம்பிட்டா, நிறுத்தின இடத்துலேர்ந்து தானா ஓட ஆரம்பிச்சுடுது" என்றாள் கனிஷாய். "சைகல், கொஞ்சம் வெளிய வாங்க."

நிலக்கரிக் கொட்டகையின் மறைவில் இருவரும் நின்றார்கள். காற்று முகத்தில் அறைந்தது.

"செய்தி முடிஞ்சு வானிலை வர்றது ஏழு இருபத்தஞ்சுக்கு. குல்சாத் ஏழு மணிக்கே பக்கத்து வீட்டுல இருந்தா, பத்துப் பேர் பாத்திருக்காங்க. அவ போனப்புறம் உங்கத்தா உயிரோட இருந்து, தன் கையால டிவியை நிறுத்தியிருக்கார். அப்படின்னா வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. வந்த ஆள் ரொட்டியும் கிள்ளியிருக்கு. அந்த ஆள் போனப்புறம் அவர் மறுபடி பொத்தானை அழுத்தவே இல்ல. கை தூக்கின வானிலைக்காரர் எட்டு இருபத்தஞ்சு வரைக்கும்தான் நின்னிருப்பார். ஒன்பது மணிக்குக் குல்சாத் வந்தப்ப டிவியில பாட்டு. அதுக்கும் பிறகு வந்த நீங்க, நின்னுபோன வானிலைக்காரரை எங்க பாத்தீங்க?"

சைகல் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தகப்பன் சாவுக்கு மகன் வரல. போனும் எடுக்கல." கனிஷாயின் குரல் தணிந்தது. "எல்தியாருக்கு என்ன ஆச்சு?"

"சாரம் சரிஞ்சு விழுந்துட்டான்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அப்புறம் மண்ணில் உட்கார்ந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். "கூட வேலை செய்யிற பையன் எனக்குத்தான் போன் பண்ணினான். நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்துச்சு. என்ன செய்யறேன்னே தெரியாம ஓடிவந்தேன். அத்தா என்னைப் பாத்து, டிவியை நிறுத்திட்டு, 'வா மகளே'ன்னார். கேட்டதும் கொட்டிட்டேன். முறை, ஆளு, எதுவும் நெனப்புல இல்ல."

"அவர் என்ன சொன்னார்?"

"அழவே இல்ல. 'மருமக வர்ற நேரம், இந்த மூஞ்சோட அவ முன்னாடி நிக்காதே. வீட்டுக்குப் போ. காலையில பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து, அவளுக்காவது முறையாச் சொல்லுவோம்'னார். ரொட்டி தொடாமப் போகாதேன்னார். கிள்ளி வாயில போட்டுட்டுப் போனேன். முழுங்கக்கூட முடியல."

"அப்புறம் அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டீங்க."

"அவ முகத்தைப் பாத்தா உளறிடுவேன்! ஒருத்தரைக் கொன்னது போதாதா? பழியோட போனா அவங்கப்பன் வீட்டுல யாராவது புருஷன் சேதியைச் சொல்லித் தொலைக்கட்டும்னு இருந்தேன். குழந்தை... என் தம்பியோட மிச்சம் அது ஒண்ணுதானே?"

"எல்தியார் உடம்பு?"

"நாளைக்கு விமானத்துல வருது."

கனிஷாய் அவளைக் கைபிடித்து எழுப்பிவிட்டாள். "சட்டத்துல இதுக்குப் பேர் கொலை இல்ல. புகாரை வாபஸ் வாங்குங்க. போய்ப் பெரியவர் இஷென்பாயைக் கூட்டிட்டு வாங்க. நர்ஸையும்தான். உங்கத்தா சொன்னதை அவர் இல்லாம நீங்க செய்யுங்க."

கனிஷாய் உள்ளே போனபோது குல்சாத் ரிமோட்டும் கையுமாக எழுந்து நின்றாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ போனப்புறமும் மாமா நல்லாத்தான் இருந்தார். அக்கா புகாரைத் திரும்ப வாங்கிடுவாங்க. குழந்தையை உன்கிட்டேருந்து யாரும் பிரிக்க மாட்டாங்க."

குல்சாத் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "நாலு நாளா அவர் முகத்துல எப்படி முழிக்கப்போறேன்னு செத்துக்கிட்டிருந்தேன்க்கா. உங்கப்பாவை நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்னு நானே சொல்லிடுறேன்." போனை எடுத்து எல்தியாரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்கமாட்டாரு, வேலையில இருப்பாரு. ராத்திரிக்குள்ள பிடிச்சுடுவேன்."

கனிஷாயால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

வெளியே பூட்ஸ்களைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பியோடு இஷென்பாய் வந்தார். பின்னாலேயே இன்னும் மூன்று கிழவர்கள். அவர்களுக்குப் பின்னால் மருந்துப் பையோடு நர்ஸ். கடைசியாக ஒரு கிண்ணம் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஏந்திக்கொண்டு சைகல்.

டிவியில் ஒருவன் வேடிக்கையாக ஏதோ சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தான். குல்சாத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. அவள் அந்த மாமனாரின் மருமகள். கையிலிருந்த ரிமோட்டில் சிவப்புப் பொட்டைத் தேடி அழுத்தினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"வாங்க தாத்தா, உக்காருங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து டிவி தானாகப் பேச ஆரம்பித்தது. அந்த வீட்டு அழுகையில் அது யார் காதிலும் விழவில்லை.