வடக்கு வீதியின் மாறாத வீடு

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பொள்ளாச்சி வடக்கு வீதிக்காரர்கள் எல்லோரும் தெருவில் நிற்பார்கள். ஒருவர் கையில் குக்கர், ஒருவர் கையில் சாமி படம், ஒருவர் கையில் மாத்திரை டப்பா. அவர்களுக்கு முன்னால் அவர்களுடைய வீடுகள் உருகிக்கொண்டிருக்கும்.

போன வாரம் போலந்துக்காரர்களின் தலைகீழ் வீட்டில், தலைக்கு மேல் தொங்கும் நாற்காலிகளைப் பார்த்தபடி சோறு தின்ற குடும்பம், இந்த வாரம் துருக்கியின் பாறைக்குடைவு வீட்டுக்குள் போகும். எதிர்வீட்டு ராஜாமணிக்கு அமெரிக்காவின் பூட்ஸ் வடிவ வீடு வாய்த்த வாரத்தில், அவருடைய மாமியாருக்குக் குதிகால் அறையைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் ஏழு நாளும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாம் உருமண் செய்த வேலை. கண்ணுக்குத் தெரியாத எந்திரத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கல்லென்றால் கல்லாகவும் மரமென்றால் மரமாகவும் நிற்கும். ஏழு நாளுக்கு மேல் பிடித்தபடியே இருந்தால் இறுகிப்போய் உதிர்ந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை உருக்கித்தான் ஆக வேண்டும். உருக்குவதென்று ஆன பிறகு அதே வீட்டை மறுபடியும் எவன் எழுப்புவான்? உலகத்தில் பேர்பெற்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் இல்லத்தொகுப்பில் வரிசையாகக் காத்திருந்தன. ஆரம்பத்தில் ஜனங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். ஆறே மாதத்தில் அது காபியோடு நின்றுவிட்டது.

அந்த வீதியில் உருகாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செங்கல்லும் சிமென்டும் வேங்கை மர நிலைகளுமாக அப்பா கட்டிய வீட்டில் செவ்வேள் தனியாக இருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், தொகுப்பில் இருந்த வீடுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு அவர் கையால் வந்தவை. அவர் வீட்டுவாசகர். முப்பது வருடமாக நாடு நாடாகப் போய் வீடுகளை வாசித்துப் படியெடுத்து வந்தவர். தன் வீட்டை மட்டும் அவர் வாசிக்கவிடவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு வீட்டை வாசிக்க அதற்குள் வாசிப்புப்பனியைத் தூவ வேண்டும். பனியின் ஒவ்வொரு துளியும் சுவரில் உட்கார்ந்து, தான் தொட்ட இடத்தை ஒரு மயிரிழை கனத்துக்கு உரித்து, அது என்ன, எங்கே இருந்தது என்று எழுதிக்கொள்ளும். உரித்ததைத் திரும்ப ஒட்டத் தெரியாது. கல் வீட்டுக்கோ மர வீட்டுக்கோ ஒரு மயிரிழை போனால் என்ன குடிமுழுகிவிடும்? வீட்டுக்காரர்களிடம் செவ்வேள் அப்படித்தான் சொல்வார். "ஒரு மயிரிழைதானுங்க. ஒண்ணுமே தெரியாது."

ஐஸ்லாந்தில் ஒரு புல்கூரை வீடு. அதன் சொந்தக்காரி ஸிக்ரித் என்று ஒரு பெண்மணி. வாசிப்பு முடிந்ததும் அவள் உத்தரத்தின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். இறந்துபோன புருஷன் தினமும் அன்றைய காற்றின் திசையைச் சாக்கட்டியால் அங்கே எழுதி வைப்பானாம். செவ்வேள் அவளைச் சமாதானப்படுத்தினார். "படியில் எல்லாம் இருக்கிறது அம்மா. எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்." அவள் கையை எடுக்கவில்லை. அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அவருடைய வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் ஒன்பது பென்சில் கோடுகள் இருந்தன. மகள் மகிழினியின் உயரம். தீபாவளியன்று விடியலில் மனைவி தாரணி குழந்தைக்குத் தலையில் நல்லெண்ணெய் வைத்து, குளியலுக்கு விரட்டும் முன் அந்த நிலையோடு நிற்கவைப்பாள். செவ்வேள் கோடு போடுவார். அவர் போட்ட ஒவ்வொரு கோட்டின் கீழும் எண்ணெய்த் தலை சாய்ந்த கறை ஒன்று, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. ஒன்பதாவது வயதில், ஒரு ஆடி மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் மகிழினி போய்விட்டாள்.

அதன்பின் அந்த நிலையைப் பார்த்துக்கொண்டு தாரணியால் இருக்க முடியவில்லை. பார்க்காமல் செவ்வேளால் இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் சண்டை போடவில்லை. சந்திரனில் பனிச்சுரங்கத்துக்குப் பொறியாளர் வேண்டுமென்று ஆள் எடுத்தார்கள், தாரணி போய்விட்டாள். பதினான்கு வருடம் ஆயிற்று. அங்கே அவ்வளவு காலம் இருந்தவர்களின் எலும்பு பூமியின் கனத்தைத் தாங்காது என்பதால், திரும்பி வருகிற பேச்சு தானாகவே நின்றுபோனது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வார்கள்.

சித்திரையில் ஒருநாள், பண்டிகை எதுவும் இல்லாமல், அவள் அழைத்தாள். சந்திரனுக்குக் குரல் போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகும். அந்த இடைவெளியில் எதிராளி அழுகிறாரா என்றுகூடத் தெரியாது.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு தாரணி."

"டாக்டரு ஆடி வரைக்கும்னு சொல்றாருங்க. ரத்தத்துல கோளாறு. இங்க இருக்கறவங்களுக்கு வர்றதுதானாமா. நானு அந்த வாசக்கால ஒருக்காத் தொட்டுப் பாக்கோணும். இங்கயும் உருமண் ரூம் இருக்குதுங்க. நம்ம வீட்டப் படியெடுத்து அனுப்புவீங்களா?"

"போட்டோ இருக்குது, அனுப்பறேன். நல்லாத் தெளிவா..."

"போட்டோ என்ற கிட்டயும் இருக்குதுங்க. எனக்கு அந்த எண்ணெ வாசம் வேணும்."

பென்சில் கோட்டின் கனம் மயிரிழையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் செவ்வேளைவிட நன்றாக அறிந்தவர் யார்? கோட்டைப் பனி தொட்டால் அது படியில் இருக்கும், நிலையில் இருக்காது. தாரணிக்கு இது தெரியாது. தெரிந்தால் கேட்டிருக்கவே மாட்டாள். அதனால்தான் அவளிடம் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

"அதுக்கென்ன, அனுப்பறேன்," என்றார். "ஒரு மயிரிழைதான். ஒண்ணுமே தெரியாது."

மறுநாள் முழுக்க அவர் நிலைக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது கோட்டைப் பார்க்கையில் மட்டும் சிரிப்பு வந்தது. எட்டாவதற்கு மேலே, அவர் போடும் கோடு மாதிரி இல்லாமல், கொஞ்சம் கோணலாக இருந்தது அது. கள்ளி, தான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எம்பி நின்று தானே போட்டுக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தார். கடைசியில் எழுந்து, வீட்டின் ஜன்னல்களை அடைத்து, பனியைத் தூவிவிட்டு வெளியே வந்து நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செய்த வேலைதான்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனபோது நிலை அப்போதுதான் இழைத்த மரமாக வெளுத்திருந்தது. அவர் கையை வைத்துத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். ஸிக்ரித்தின் பெயர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சந்திரனுக்குப் படி அனுப்ப வேறு வழியில்லை, தொகுப்பின் வழியாகத்தான் போக வேண்டும். தொகுப்புக்குள் வந்த வீடு எல்லோருக்கும் பொது. அது சட்டம், அந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் அவரும் இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினார். தொகுப்பு மேலாளர் பிரதீபா மகிழ்ச்சி தாங்காமல் அழைத்தாள்.

"சார், எங்கெங்கயோ தேடினோம். கடைசில உங்க வீடுதான் சார்! எல்லா வீடும் வாரா வாரம் மாறுற காலத்துல, எழுபது வருஷமா மாறாம நின்ன வீடு. இத விட அதிசயமான வீடு உலகத்துல வேற எது சார்? 'மாறாத வீடு'ன்னே பேர் வச்சுட்டேன்."

"அந்தச் சமையலறை நிலை..." என்றார் செவ்வேள். "மூலத்துல அழிஞ்சுபோச்சும்மா."

"படியில எல்லாம் இருக்கு சார். எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

தாரணி அந்த வாரமே அழைத்தாள். குரல் இளைத்திருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தாள்.

"வாசம் வருதுங்க. நர்ஸம்மாகிட்டக் கேட்டா ஒண்ணுமே வரலீங்கறா. எனக்கு வருது."

"எனக்குத் தெரியும். வரும்."

"ஒம்போதாவது கோடு பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன? எம்பி நின்னு திருட்டுத்தனமாப் போட்டிருக்கறா."

இரண்டரை நொடி கழிந்தது. அதற்குப் பிறகும் அவள் பேசவில்லை. செவ்வேள் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"அது அவ போட்டதில்லீங்க," என்றாள் தாரணி. "நான் போட்டது. அவ போன அப்பறம் வந்துச்சே ஒரு தீவாளி, அன்னிக்கு நீங்க எந்திரிக்கவே இல்ல, படுத்தே கிடந்தீங்க. நாந்தான் தனியாப் போயி நின்னு, வருசத்துக்கு மூணு விரக்கடை வளருவாளேன்னு, அளந்து ஒரு கோடு போட்டேன். அதுல எண்ணெக்கறை இருக்காது. நீங்க ஊரு ஊராப் போயி வீடு வாசிக்கிறவரு, இதக் கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னே இருந்தேன். நீங்க கேக்கல. அப்பறந்தான் நான் கெளம்பினேன்."

செவ்வேளுக்கு எழுந்துபோய் அந்தக் கோட்டை இப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது. பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். போய்ப் பார்க்க அங்கே கோடு இல்லை.

"நாளைக்கிப் போயித் தொட்டுப் பாருங்க," என்றாள் தாரணி. "எனக்காக."

"சரி கண்ணு," என்றார் அவர்.

ஆடி பிறந்த இரண்டாவது வாரத்தில் தாரணி இறந்துபோனாள். கடைசிவரை அறையை மாற்ற விடவில்லை என்றும், சனிக்கிழமைகளில் உருக்கியதும் மறுபடி அதே வீட்டைத்தான் எழுப்பச் சொல்வார் என்றும் செவிலி எழுதியிருந்தாள். இப்போது அந்த அறையில் வேறொருவர் இருந்தார். அவர் கலங்கரைவிளக்க வீடு கேட்டிருந்தார்.

அதற்குள் மாறாத வீடு உலகம் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஓசாகாவில் அதில் ஒரு கல்யாணம் நடந்தது. லாகோசில் ஒரு தெரு முழுக்க ஒரே வாரத்தில் அதையே எழுப்பிக்கொண்டது. மாறாத ஒன்றுக்குள் ஒரு வாரம் இருந்து பார்க்க ஜனங்களுக்கு அவ்வளவு ஆசை. ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டு ராஜாமணி தெருவில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"அண்ணா! இந்த வாரம் நாங்களும் உங்க வீடுதானுங்க! வந்து பாருங்க, அப்படியே அச்சா இருக்குது."

செவ்வேள் போனார். தினமும் போனார். காபி குடிக்க வந்தவர் மாதிரி சமையலறை வாசலில் நின்று, ஒன்பதாவது கோட்டைத் தொடுவார். கறை இல்லை. எட்டாவது கோட்டின் கீழே குனிந்து மூக்கை வைப்பார். ராஜாமணியின் மாமியார் முதல் இரண்டு நாள் ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாம் நாள் அவளே ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். அடுத்த சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவரைத் தோளைத் தொட்டு எழுப்பியதும் அவள்தான்.

"தம்பி, நாலாகப் போகுதுப்பா. வெளிய வந்துருங்க."

அவர் ராஜாமணி வீட்டு மாத்திரை டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவில் நின்றார். அவருடைய வீடு அவர் கண்ணெதிரே உருகியது. திரும்பினால், பின்னால் இன்னொன்று அசையாமல் நின்றது. அதில் ஒரு கோடும் கிடையாது.

"இன்னொரு வாரம் இதையே வச்சுக்கக் கூடாதாங்க?" என்று கேட்டார்.

ராஜாமணி சங்கடப்பட்டார். "பிள்ளைங்க வேற ஒரு வீடு கேக்குதுங்கண்ணா. கண்ணாடி பாட்டில்லயே கட்டுனதாமா."

தை மாதத்தில் செவ்வேள் தன் மனைக்கும் உருமண் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். செங்கல் வீடு இருக்கும் மனையில் உருமண் போட வேண்டுமென்றால் முதலில் செங்கல்லை இடிக்க வேண்டும். இடிப்பு ஆட்கள் வந்தபோது வீதியே கூடி நின்று பார்த்தது. எழுபது வருடத்து வீடு ஒன்றரை நாளில் தரைமட்டமானது. வேங்கை மர நிலைகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பிரதீபாவுக்குச் செய்தி போனது. தொகுப்பில் வீட்டின் பெயரை அவள் மாற்றவில்லை. மாறாத வீடு என்றே விட்டுவிட்டாள்.

உருமண் வந்திறங்கிய முதல் சனிக்கிழமை, அவர் ஒரு சிறு பாத்திரத்தில் பாலை எடுத்துக்கொண்டு தெருவில் நின்றார். நான்கே காலுக்கு அவர் மனையில் மாறாத வீடு எழுந்தது. போய், சமையலறை நிலையை ஒரு தடவை மேலிருந்து கீழாகத் தடவிவிட்டு, அடுப்பில் பாலை வைத்தார். அது பொங்கியபோது அவர் அழுதார்.

அன்றிலிருந்து வாராவாரம் நான்கு மணிக்கு அவரும் மற்றவர்களோடு நிற்கிறார். மற்றவர்கள் தங்கள் வீடு உருகுவதைப் பேசிச் சிரித்தபடி பார்ப்பார்கள். அவர் மட்டும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கால் மணி நேரம்தான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு மகிழினி எவ்வளவு உயரம் என்று சொல்ல அந்த மனையில் எதுவும் இருப்பதில்லை.

"அண்ணா, அடுத்த வாரத்துக்கு எந்த வீடுங்க?" குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜாமணியின் மனைவி வழக்கம்போலக் கேட்டாள்.

"இதேதாம்மா," என்றார் செவ்வேள். "முடிஞ்சிருச்சா பாரு."

"இன்னும் இல்லீங்க," என்றாள் அவள். "இப்பத்தான் வாசக்காலு கரையுது."